கழுத்திலா, மார்பிலா: ஒரு தையற்காரி பார்த்த நாய்க் காலரும் ஹார்னஸும்

பஞ்சு இருமினால் வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். முதல் தடவை கேட்டபோது நூல் எதையோ விழுங்கித் தொலைத்துவிட்டாள் என்று பயந்துபோனேன். தையற்காரி வீட்டு நாய்க்கு அது நடக்கக்கூடியதுதான். வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடத்தில் வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்புறம் கவனித்தபோதுதான் தெரிந்தது, வாக்கிங் போகும்போதுதான் இந்த இருமல். எதிரே பூனை வந்தால் பாய்வாள், காலர் கழுத்தைப் பிடிக்கும், உடனே அந்த வாத்துக் குரல்.

பஞ்சு மூன்றரைக் கிலோ பொமரேனியன். கால்நடை மருத்துவர் அவள் தொண்டையை இரண்டு விரலால் லேசாக அழுத்தினார். அதே இருமல் வந்தது.

“காலர்லதான் கட்டிக் கூட்டிட்டுப் போறீங்களா?”

“ஆமா டாக்டர்.”

“காலர் கழுத்துல இருக்கட்டும். கயிறை அதுல மாட்டாதீங்க.”

மூச்சுக்குழாய் அமுங்கிப் போகாமல் பிடித்து வைத்திருப்பவை குருத்தெலும்பு வளையங்கள். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா மாதிரிப் பொடி இனங்களில் இந்த வளையங்கள் தளர்ந்து குழாய் தட்டையாகிவிடும் கோளாறு அதிகம். காலரால்தான் அது வருகிறது என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் தளர்ந்த குழாயின் மேல் ஒவ்வொரு இழுப்பும் விழுகிறது, இருமலைக் கிளப்புகிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கழுத்தை விட்டுவிட்டு மார்பைச் சுற்றி மாட்டுகிற வாரான ஹார்னஸ் வாங்குவதென்று.

அதுவரைக்கும் எனக்குக் காலர் என்றால் சட்டைக் காலர்தான். இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன். அந்தத் திமிரில், நாய்க்கு ஒரு வார் வாங்குவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். இரண்டு வருடத்தில் மூன்று ஹார்னஸ், இரண்டு காலர் வாங்கிவிட்டேன். நாய்களும் மூன்று: பஞ்சு, இருபத்தாறு கிலோ கருப்பன், அப்பா வளர்க்கும் கிழவன் மணி. பிராண்ட் பெயர் எதுவும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரே ஹார்னஸ் பத்து லேபிளில் வருகிறது. லேபிளைப் புரட்டிப் பார்ப்பதைவிட வாரைப் புரட்டிப் பார்ப்பது மேல்.

பஞ்சுவுக்கு முதலில் வாங்கியது வலைத்துணியில் தைத்த பனியன் மாதிரியான ஹார்னஸ். மார்பு முழுக்கத் துணி, முதுகில் வெல்க்ரோ, அதன்மேல் ஒரு பக்கிள், கயிறு மாட்ட முதுகில் வளையம். வாங்கிய காரியம் நடந்தது. இழுப்பு கழுத்தைவிட்டு மார்புக்குப் போனது, இருமல் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிட்டது. இப்போதும் யாராவது வீட்டுக்கு வந்தால் குதூகலத்தில் இரண்டு தடவை இருமுவாள், அவ்வளவுதான். அந்த வகையில் முழு மதிப்பெண்.

ஆனால் வெல்க்ரோவை நினைத்தவர் யாரோ, அவர் வீட்டில் நீள முடி நாய் இருந்திருக்காது. கழற்றும்போதெல்லாம் நாலு முடியைப் பிடுங்கிக்கொண்டுதான் வரும். ஒரே வாரத்தில் அந்தச் சர்ர்ர் சத்தம் கேட்டாலே தையல் மெஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தாள். அக்குளில் முடி சிக்குப் பிடித்து, கடைசியில் கத்தரிக்கோல் வைத்து வெட்டவேண்டி வந்தது. மழையில் நனைந்தால் அந்தத் துணி லேசில் காயாது, நாற்றமும் போகாது. பொடி நாய்க்கு ஹார்னஸ் நிச்சயம் வேண்டும். வெல்க்ரோ வேண்டாம், பக்கிள் மட்டும் போதும்.

கருப்பன் கதை வேறு. எந்த இனம் என்று சொல்ல முடியாத கலப்பு. இரண்டு வயது வேகம். காலரில் போட்டால் மூச்சு கரகரக்கும் வரைக்கும் இழுப்பான். பஞ்சுவுக்கு நல்லது நடந்ததே, இவனுக்கும் ஹார்னஸ் போட்டால் இழுப்பது நின்றுவிடும் என்று நம்பினேன். சுத்தமான முட்டாள்தனம். பனியில் வண்டி இழுக்கிற நாய்களுக்கு எதை மாட்டுகிறார்கள்? ஹார்னஸைத்தான். கழுத்து வலிக்காமல் முழுப் பலத்தையும் மார்பால் போட்டு இழுக்கத்தான் அது. முதுகு வளையத்தில் கயிற்றை மாட்டி வெளியே வந்த முதல் நாளே, “அம்மா, இவ்வளவு நாள் இதை எங்க வச்சிருந்தே?” என்று கேட்பதைப் போல ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினான். மூலை திரும்புவதற்குள் எனக்கு முழங்கை சிராய்த்துவிட்டது.

அந்த ஹார்னஸில் இன்னொரு குறையும் இருந்தது. மார்புக்குக் குறுக்கே பெல்ட் போல ஒரு பட்டை. பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. நடக்கவிட்டுப் பக்கத்தில் குனிந்து பார்த்தால், முன்னங்கால் நீளும்போதெல்லாம் தோள் அந்தப் பட்டையில் போய் முட்டுகிறது.

இதை எங்கள் தொழிலில் கை வெட்டு சரியில்லை என்போம். உடம்பு அளவு எல்லாம் சரியாக இருக்கும், சட்டை போட்டு நின்றால் அழகாகவும் இருக்கும். கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கும். நாய்க்கு அது இன்னும் மோசம். நமக்கு இருப்பது போல அதற்குக் காரை எலும்பு கிடையாது. முன்னங்கால் உடம்போடு எலும்பு மூட்டால் இணைந்திருக்கவில்லை, தசைகளே தாங்குகின்றன. அதனால் ஒவ்வோர் எட்டிலும் தோள்பட்டை முழுவதுமே முன்னும் பின்னும் வழுக்கிப் போய்வரும். உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல்தான். அந்த இடத்தில் குறுக்கே பட்டை கட்டுகிறோம்.

சரி, குறுக்குப் பட்டை வேண்டாம், தோளை விட்டு விலகி மார்பின் நடுவில் இறங்குகிற ஒய் வடிவம்தான் நல்லது என்று அடுத்ததை வாங்கினேன். எல்லோரும் சொல்வதும் அதைத்தான். அப்புறம் 2019இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். இரண்டு வகையையும் மாட்டி நாய்களின் தோள் எவ்வளவு நீள்கிறது என்று அளந்திருக்கிறார்கள். இரண்டிலுமே நீட்டம் குறைந்திருக்கிறது. அதிகம் குறைந்தது தடுக்காது என்று பேர் வாங்கிய ஒய் வடிவத்தில்! தையற்காரிக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே பேட்டர்னில் தைத்த சட்டை ஒருவருக்குப் பொருந்தும், அடுத்தவருக்குப் பிடிக்கும். போட்டுப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

அதனால் போட்டுப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். கருப்பன் பெயருக்கேற்ற கருப்பு. என் கையில் எப்போதும் துணியில் கோடு போடுகிற வெள்ளைச் சாக் இருக்கும். ஒய் வடிவ ஹார்னஸின் உள்பக்க ஓரம் முழுக்கச் சாக்கைத் தேய்த்து மாட்டி, பத்து நிமிடம் நடத்திக் கூட்டிவந்து கழற்றினேன். எங்கே உராய்கிறதோ அங்கெல்லாம் கோடு. மார்பில் லேசாக, சீராகப் படிந்திருந்தது. அது சரி. வலது முழங்கைக்குப் பின்னால் மட்டும் அடர்த்தியாக, தேய்த்துத் தேய்த்து ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. முடியை விலக்கிப் பார்த்தால் தோல் சிவக்க ஆரம்பித்திருந்தது. வயிற்றுப் பட்டை அக்குளுக்கு மிகக் கிட்டே வந்ததுதான் காரணம். மார்பின் நடுப்பட்டையை இரண்டு சென்டிமீட்டர் நீளமாக்கினதும் வயிற்றுப் பட்டை பின்னால் போனது. மறுபடி சாக் தேய்த்து நடத்தினேன், அந்த வெள்ளைத் தடம் இல்லை. அந்த இரண்டு சென்டிமீட்டரை விட்டிருந்தால் ஒரு மாதத்தில் அங்கே புண் வந்திருக்கும், நானும் ஹார்னஸே மோசம் என்று காலருக்குத் திரும்பியிருப்பேன். நிறையப் பேர் அப்படித்தான் திரும்பியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. வெள்ளை நாய் வைத்திருப்பவர்கள் நீலச் சாக் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எடையைக் கேட்டு எஸ், எம், எல் என்று கொடுப்பதை நம்ப வேண்டாம். டேப்பை எடுத்து, முழங்கைக்குச் சற்றுப் பின்னால் மார்பு எங்கே அதிகச் சுற்றளவோ அங்கே அளக்க வேண்டும். கழுத்தை, காலர் கிடக்கிற இடத்தில் அளக்கக் கூடாது, கீழே தோளோடு சேரும் அடிக்கழுத்தில் அளக்க வேண்டும். ஒய் சேருகிற முனை, மார்பெலும்பின் முனையில் உட்கார வேண்டும். அதற்கு மேலே ஏறித் தொண்டைக்குழியில் உட்கார்ந்தால் அது வேறு பெயரில் இன்னொரு காலர்தான். மாட்டிய பிறகு பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். அப்புறம் நாயை நிற்க வைத்தே பார்க்காதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், தரையை முகரவிடுங்கள். குனியும்போது பட்டை தொண்டைக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். குட்டி நாயாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும். விலை உயர்ந்ததைக் குட்டிக்கு வாங்குவது வீண்.

கருப்பனின் ஒய் ஹார்னஸில் மார்பிலும் ஒரு வளையம் உண்டு. கயிற்றை அங்கே மாட்டினால், அவன் இழுக்கிற பலமே அவனை என் பக்கம் திருப்பிவிடும். எதிரே இருக்கிற நாயைப் பார்த்துக் கிளம்பியவன் என் முகத்தைப் பார்த்து நிற்பான். முதல் இரண்டு நாள் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தோள்வலி குறைந்ததும் எனக்குப் புரிந்தது. தொல்லையும் உண்டு. கயிறு முன்னங்காலில் சிக்கும், இழுக்கிற பக்கமாக ஹார்னஸ் முழுவதும் சரியும். சரியாமல் இருக்க இறுக்கினால் அக்குள் பிடிக்கும். இரண்டு முனையிலும் கொக்கி உள்ள கயிறு வாங்கி, ஒன்றை மார்பிலும் ஒன்றை முதுகிலும் மாட்டியபிறகுதான் சரிந்துபோவது குறைந்தது.

ஆனால் கருப்பன் இழுப்பதை நிறுத்தியது ஹார்னஸால் இல்லை. கயிறு விறைத்தால் நின்றுவிடுவேன், தளர்ந்தால்தான் அடுத்த அடி. பக்கத்தில் நடந்தால் கையிலிருந்து ஒரு துண்டு தின்பண்டம். முதல் வாரத்தில் தெருமுனைக்குப் போய்த் திரும்ப அரைமணி நேரம் ஆனது. பார்த்தவர்கள் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரமும் அவன் கழுத்து நெரிபடாமலும் என் தோள் கழன்றுவிடாமலும் பார்த்துக்கொண்டது ஹார்னஸ்.

ஹார்னஸ் போட்டால் நாய் ஓடிப்போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருநாள் பக்கத்தில் ஒரு கடையின் ஷட்டரை யாரோ தடாலென்று இறக்கினார்கள். கருப்பன் மிரண்டு பின்னால் போனான், நான் முன்னால் இழுத்தேன். தலையைக் குனிந்து காதை மடக்கி ஓர் உதறு. குழந்தை சட்டையைத் தலைவழியே கழற்றிப் போடுவது போல ஹார்னஸ் என் கையில் காலியாகத் தொங்கியது. நல்லவேளை, மிரண்டவன் ஓடாமல் என் காலுக்கடியில் வந்து ஒண்டிக்கொண்டான். அன்று இரவே காலர் வளையத்தையும் ஹார்னஸ் வளையத்தையும் இணைக்க ஒரு ஜாண் நீளத்துக்குப் பட்டை ஒன்று தைத்துவிட்டேன், இரண்டு முனையிலும் கொக்கி. ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். எப்போதும் பயந்துகொண்டே இருக்கிற நாய் என்றால், விலாவுக்குப் பின்னால் இடுப்பருகே மூன்றாவது பட்டை வருகிற ஹார்னஸ் கிடைக்கிறது. அதிலிருந்து பின்வாங்கி நழுவுவது கஷ்டம்.

தையலைப் பற்றிப் பேசாமல் போனால் என் மெஷின் கோபித்துக்கொள்ளும். வளையம் கோத்த இடத்தில் நாடாவை மடித்து, ஒரு பெட்டி போட்டு, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போலத் தைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நெருக்கமாக ஜிக்ஜாக் அடித்திருக்க வேண்டும். ஒரே கோடாக ஓடும் தையல் இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நான் வாங்கிய மூன்றில் ஒன்றில் மார்பு வளையத்தை வெறும் ஒற்றைத் தையலில் பிடித்திருந்தார்கள். இழுப்பு முழுவதும் விழுகிற இடம் அதுதான்! மேலே பளபளவென்று ஒளிரும் பட்டை மட்டும் இரட்டைத் தையலில். மாட்டுவதற்கு முன் பாலியெஸ்டர் நூலில் நானே திரும்பத் தைத்தேன். மெஷின் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வளையத்தையும் பாருங்கள். கம்பியை வளைத்துவிட்ட வளையமா, இணைப்பைப் பற்றவைத்ததா? வளைத்துவிட்டது என்றால் ஒருநாள் விரியும். நாடா ஓரத்தை உள்ளங்கையில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். உங்கள் கையை அறுக்கிற ஓரம் நாயின் அக்குளை விடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு மணியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மணிக்குப் பதிமூன்று வயது, மூட்டு வாதம். அவனுக்கும் ஹார்னஸ் வேண்டும் என்று நான்தான் அப்பாவோடு மல்லுக்கு நின்றேன். “பதிமூணு வருஷமா காலர்லதான் நடக்குறான். எனக்காவது பி.பி. இருக்கு, அவனுக்கு ஒண்ணுமில்லை. விடும்மா” என்றார். கேட்காமல், காலைத் தூக்கி நுழைக்கும் வகை ஒன்றை இரவல் வாங்கிக் கொண்டுபோனேன். வலது காலைத் தூக்கினேன். மூன்று காலில் நிற்க முடியாமல் ஆடினான். இடது காலைத் தூக்கியதும் மெதுவாக அப்படியே உட்கார்ந்துவிட்டு என்னைப் பார்த்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் இருந்த காலரை எடுத்து மாட்டி வெளியே கூட்டிப்போய்விட்டார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கயிறு முழுத் தூரமும் தொங்கலாகவே கிடந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வேகம்.

மணிக்குக் காலர்தான் சரி. அகலமான தட்டைத் தோல் காலர், மென்மையாகப் பழகிப்போனது. இழுக்காத நாய்க்குக் கழுத்தில் எந்தப் பாரமும் விழுவதில்லை. நடுராத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் ஒரு நொடியில் மாட்டலாம். பெயரும் போன் நம்பரும் பொறித்த வில்லை தொங்க ஒரு காலர் எல்லா நாய்க்கும் வேண்டும். ஹார்னஸை வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிட வேண்டும். கிரேஹவுண்ட் மாதிரித் தலை ஒடுங்கிய நாய்களுக்குச் சாதாரணக் காலர் நழுவிவிடும், ஓர் அளவு வரைக்கும் மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் காலர் அவற்றுக்குத்தான். ஆனால் நாய்கள் ஒன்றோடொன்று கடித்து விளையாடும்போது காலரைக் கழற்றிவிடுங்கள். ஒன்றின் கீழ்த்தாடை மற்றதின் காலரில் மாட்டிக்கொண்டால் இரண்டுமே பீதியில் உருளும்.

அகலமான காலர், உள்ளே பஞ்சு வைத்தது, அதனால் இழுத்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சேதி. 2020இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் செயற்கைக் கழுத்து ஒன்றைச் செய்து பலவகைக் காலர்களை மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். காயத்துக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அழுத்தம் குறைந்த காலர் ஒன்றுகூட இல்லை. 2006இல் வந்த இன்னோர் ஆய்வில், காலரில் இழுத்தபோது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடியது, ஹார்னஸில் அப்படிக் கூடவில்லை. கண்ணில் நீர் அழுத்த நோய் உள்ள நாய்க்கும், பக் மாதிரிச் சப்பை மூக்கால் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுகிற நாய்க்கும் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, ஹார்னஸ்தான். நீளக் கயிற்றில் ஓடவிடுகிறீர்களா, அதற்கும் ஹார்னஸ்தான். ஓடிய வேகத்தில் கயிறு முடிகிற இடத்தில் விழும் திடீர் இழுப்புக்குக் கழுத்தைக் கொடுக்கவே கூடாது. கழுத்தை நெரிக்கும் சங்கிலியையும் முள் காலரையும் நான் வாங்கவில்லை, வாங்கப் போவதும் இல்லை.

ஆக, எங்கள் வீட்டுக் கொக்கியில் இப்போது தொங்குவது: கருப்பனின் ஒய் ஹார்னஸும் இணைப்புப் பட்டையும், வில்லையோடு இரண்டு காலர்கள். குறுக்குப் பட்டைக்காரனைப் பிரித்து நாடாவை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெல்க்ரோ பனியன் இன்னும் பஞ்சுவின் மேல்தான் ஏறுகிறது, வேறு வழியில்லாமல். அவளுக்குப் பக்கிள் மட்டும் வைத்து, ஓரத்தில் மெல்லிய துணி மடித்து நானே ஒன்று வெட்டிக்கொண்டிருக்கிறேன். கை வெட்டு இதுவரை இரண்டு தடவை தப்பாகிவிட்டது. மூன்றாவதை நேற்று மாட்டிப் பார்த்தேன். மெஷினுக்கு அடியில் போய் ஒளியவில்லை, நின்று முகர்ந்து பார்த்தாள். வெள்ளை நாய் ஆயிற்றே, நீலச் சாக் வாங்கி வர வேண்டும்.